லெவல் போனது, எண் போகவில்லை: இங்கிலாந்தில் 11–14 வயது மாணவர் மதிப்பீடு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

வரலாறு: இலக்கு 6, தற்போதைய நிலை 2+, முயற்சி 2, எதிர்பார்த்த பாதையில் உள்ளார்.

இங்கிலாந்தில் ஏழாம் ஆண்டில், அதாவது பதினொன்று பன்னிரண்டு வயதில் இருக்கும் பிள்ளையின் ரிப்போர்ட்டில் இப்படி ஒரு வரி வருவது சாதாரணம். மேலே இருப்பது மாதிரிக்கு நான் எழுதியது. ஆனால் இதே அச்சில் வந்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு "இதுக்கு என்னங்க அர்த்தம்?" என்று கேட்கும் தமிழ்ப் பெற்றோர் நிறையப் பேர். ஆறு என்றால் எத்தனைக்கு ஆறு? இரண்டில் நிற்கும் பிள்ளை எப்படி "எதிர்பார்த்த பாதையில்" இருக்க முடியும்? முயற்சிக்கு 2 நல்லதா கெட்டதா? (ஒரு பள்ளியில் 1 தான் உச்சம், இன்னொரு பள்ளியில் 4 தான் உச்சம். ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் விளக்கம் இருக்கும், சில சமயம் அதுவும் இருக்காது.) பெற்றோர் சந்திப்பு மாலையில் ஒரு ஆசிரியருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். அதில் பாதி இந்த எண்களுக்குப் பொருள் கேட்பதிலேயே போய்விடும்.

இந்த வரி எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. எடுத்துக்கொண்டிருப்பது இங்கிலாந்தின் இடைநிலைப் பள்ளிகளில் முதல் மூன்று ஆண்டுகள், அங்கே கீ ஸ்டேஜ் 3 என்று சொல்கிறார்கள். பொதுத் தேர்வான ஜிசிஎஸ்இ பதினாறு வயதில்தான். அதனால் இந்த மூன்று ஆண்டுகளுக்கு வெளியிலிருந்து வரும் அளவுகோல் ஏதும் இன்று கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. அதை எடுத்த பிறகு நடந்தவைதான் இந்தக் கதையில் சுவாரசியமான பகுதி.

ஒரே அளவுகோல், எல்லாப் பிள்ளைக்கும்

1988ல் வந்த கல்விச் சீர்திருத்தச் சட்டம் இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் முதன்முறையாகத் தேசியப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. மதிப்பீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லக் கல்விப் பேராசிரியர் பால் பிளாக் தலைமையில் ஒரு குழு. அந்தக் குழு சொன்ன யோசனை, ஐந்து வயதிலிருந்து பதினாறு வரை எல்லோருக்கும் பொதுவாகப் பத்து லெவல். ஒரு லெவல் ஏற ஏறத்தாழ இரண்டு ஆண்டு. ஏழு வயதில் 2, பதினொன்றில் 4, பதினாலில் 5 அல்லது 6 என்று பெரும்பான்மைப் பிள்ளைகள் போவார்கள் என்பது கணிப்பு.

இந்த யோசனையில் ஒரு நல்ல எண்ணம் இருந்தது என்பதை இப்போது பலரும் மறந்துவிட்டார்கள். வகுப்பில் கடைசியாக நிற்கும் பிள்ளைக்கு ரேங்க் சொல்வது ஆண்டுக்கு ஆண்டு ஒரே செய்தியைத்தான்: நீ கடைசி. லெவல் அப்படி இல்லை. மற்றவர்களோடு ஒப்பிடாமல், போன தடவை நீ 3, இப்போது 4 என்று சொல்லும். அந்தக் குழு இதைத்தான் விரும்பியது. ஆசிரியரின் அன்றாட மதிப்பீட்டுக்கு முக்கிய இடம் தர வேண்டும் என்றும் சொன்னது.

நடைமுறையில் சுமை தாங்கவில்லை. 1993ல் ஆசிரியர்கள் பாடத்திட்டத்தோடு வந்த தேசியத் தேர்வுகளையே புறக்கணித்தார்கள். ரான் டியரிங்கிடம் மறுஆய்வு ஒப்படைக்கப்பட்டது. அதன் பிறகு பத்து எட்டானது, எட்டுக்கு மேலே "அசாதாரணத் திறன்" என்று ஒரு படி. ஒவ்வொரு லெவலுக்கும் ஒரு பத்தி விளக்கம். பிள்ளையின் வேலை மொத்தத்தில் எந்தப் பத்திக்கு அதிகம் பொருந்துகிறதோ அதுவே அந்தப் பிள்ளையின் லெவல். பதினாலு வயதில் ஆங்கிலம், கணிதம், அறிவியலுக்குத் தேசியத் தேர்வு.

கவனிக்க வேண்டியது இது. அந்தப் பத்திகள் எழுதப்பட்டது மூன்று ஆண்டு முடிவில் ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்று மொத்தமாகச் சொல்ல. வாரக் கட்டுரைக்கு மார்க் போட அல்ல.

4 ஏ, 5 சி

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நகரும் ஊசியை வைத்துக்கொண்டு பருவத்துக்குப் பருவம் "முன்னேற்றம்" காட்ட முடியாது. ஆனால் பள்ளி நிர்வாகமும், பள்ளிகளை ஆய்வு செய்யும் அரசு அமைப்பான ஆஃப்ஸ்டெட்டும் கேட்டது அதைத்தான். ஆக லெவல் ஒவ்வொன்றும் மூன்றாக உடைந்தது: சி, பி, ஏ. சி கீழே, ஏ மேலே. ஏழு வயதுப் பிள்ளைகளின் லெவல் 2ஐ மட்டும் அரசே அப்படிப் பிரித்திருந்தது. இடைநிலைப் பள்ளியின் வரலாற்றிலோ புவியியலிலோ 5 சி என்றால் என்ன, 5 பி என்றால் என்ன என்று தேசியப் பாடத்திட்டம் எங்கேயும் சொல்லவில்லை. பள்ளிகளே வரையறுத்துக்கொண்டன. சில பள்ளிகள் வரையறுக்காமலே போட்டன.

அப்புறம் புள்ளிகள். ஒரு லெவலுக்கு ஆறு புள்ளி, துணை லெவலுக்கு இரண்டு. 4 பி என்றால் 27, 5 சி என்றால் 31. ஆண்டுக்கு இரண்டு துணை லெவல் ஏறினால் "நல்ல முன்னேற்றம்" என்று ஒரு வழக்கு பள்ளிக்குப் பள்ளி பரவியது. வாய்மொழி விதிதான், ஆனால் எழுத்தில் உள்ள விதியை விட அதற்கு மதிப்பு அதிகம். எக்செல் தாளில் பச்சை, மஞ்சள், சிவப்பு. டேட்டா டிராப் என்று ஒரு சொல்லே பிறந்தது. குறித்த தேதிக்குள் எல்லா ஆசிரியரும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரு எண்ணை உள்ளிட்டுவிட வேண்டும்.

இதன் எடையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஒரு இசை ஆசிரியருக்கு, வாரம் ஒரு பீரியட் வீதம், பன்னிரண்டு வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். வகுப்புக்கு 30 பேர். 360 பிள்ளைகள். ஆண்டுக்கு ஆறு டேட்டா டிராப் என்றால் 2,160 எண்கள். வாரம் ஒருமுறை பார்க்கும் பிள்ளை ஆறு வாரத்தில் இசையில் 4 பியிலிருந்து 4 ஏவுக்கு ஏறினானா என்று நேர்மையாகச் சொல்ல எந்த மனிதராலும் முடியாது. அதனால் என்ன செய்வார்கள்? போன தடவை போட்டதை விட ஒரு படி கூட்டிப் போடுவார்கள். யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். படியைக் குறைத்தால்தான் கேள்வி வரும்.

2008 கோடையில் தேசியத் தேர்வுத் தாள்களைத் திருத்தும் ஏற்பாடு பெரிய அளவில் குளறுபடியானது. முடிவுகள் தாமதமாகின, ஒப்பந்தம் ரத்தானது, விசாரணை நடந்தது. அதே ஆண்டு அக்டோபரில் அமைச்சர் எட் பால்ஸ் பதினாலு வயதுத் தேர்வை நிறுத்திவிட்டதாக அறிவித்தார். தேர்வு போனது, லெவல் இருந்தது. வெளியிலிருந்து சரிபார்க்க இருந்த ஒரே பிடியும் அறுந்தது. அதற்குப் பிறகு பள்ளி போட்ட எண்ணுக்குப் பள்ளியேதான் சாட்சி.

1066ஐப் பற்றி இரண்டு விடைகள்

ஏழாம் ஆண்டு வரலாற்றில் பெரும்பாலும் முதலில் வரும் கேள்வி: 1066ல் நார்மண்டியிலிருந்து படையெடுத்து வந்த வில்லியம் ஹேஸ்டிங்ஸ் போரில் ஏன் வென்றார்? இரண்டு பிள்ளைகளின் விடையை எடுத்துக்கொள்வோம். கற்பனைதான், ஆனால் இந்தப் பாடம் நடத்தியவர் யாரும் "இப்படி நடக்காது" என்று சொல்ல மாட்டார்.

முதல் பிள்ளை மூன்று காரணம் சொல்கிறாள். இங்கிலாந்து அரசர் ஹெரால்டின் படை வடக்கே ஸ்டாம்ஃபோர்ட் பிரிட்ஜில் செப்டம்பர் 25ல் ஒரு போரை முடித்துவிட்டு அவசரமாகத் தெற்கே வந்தது. வில்லியமின் நார்மன் வீரர்கள் ஓடுவது போல நடித்து எதிரியின் கேடய வரிசையைக் கலைத்தார்கள். வில்லியமிடம் குதிரைப் படை இருந்தது. மூன்றையும் வரிசையாக எழுதிவிட்டு நிறுத்திவிட்டாள்.

இரண்டாவது பையன் "ஏனென்றால்", "இதன் விளைவாக", "மிக முக்கியமான காரணம்" என்றெல்லாம் போட்டு அழகாக எழுதியிருக்கிறான். ஆனால் அவன் கதையில் வடக்கே தோற்றவரும் தெற்கே தோற்றவரும் ஒரே ஆள். ஹெரால்ட் காட்வின்சன் என்ற இங்கிலாந்து அரசரையும், அவர் வடக்கே தோற்கடித்த ஹாரல்ட் ஹார்ட்ராடா என்ற நார்வே அரசரையும் ஒருவராக்கிவிட்டான். "வடக்கே தோற்ற ஹெரால்ட் மறுபடியும் படை திரட்டி வந்தார், அதன் விளைவாக வீரர்கள் மனம் தளர்ந்திருந்தார்கள்" என்று காரணமும் காட்டிவிட்டான்.

லெவல் விளக்கத்தில் கீழ்ப்படியில் "விவரிக்கிறார்", மேல்படியில் "காரணம் காட்டி விளக்குகிறார்" என்ற மாதிரி சொற்கள். அந்தச் சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு திருத்தினால் அவளுக்கு 4 ஏ, அவனுக்கு 5 சி. அவள் வீட்டில் "ஏன் நாலு?" என்று கேள்வி, அவன் வீட்டில் பாராட்டு. அடுத்த வகுப்பில் ஆசிரியர் செய்ய வேண்டிய வேலையோ இந்த எண்களுக்கு நேர்மாறானது. அவளுக்கு ஒரே ஒரு கேள்வி போதும்: இந்த மூன்றில் எது இல்லாமல் இருந்திருந்தால் வில்லியம் தோற்றிருப்பார்? அவனை உட்கார வைத்து வரைபடத்தில் இரண்டு போர்க்களத்தையும் காட்டி, யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

பையன்கள் சீக்கிரம் சூட்சுமம் கற்றுக்கொண்டார்கள். "ஏனென்றால் போட்டால் அஞ்சு கிடைக்கும்." வகுப்பறைச் சுவரில் லெவல் ஏணிப் படம் ஒட்டியிருக்கும், அதைப் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள். பாடத்தின் பெயரே மறந்தாலும் தன் லெவல் மறக்காது. "நீ வரலாற்றில் எப்படி?" என்று கேட்டால் "நான் ஃபோர் ஏ" என்பது பதில்.

எடுத்தது சரி, எடுத்த விதம்?

தேசியப் பாடத்திட்டத்தை மறுபடி எழுத அமைத்த நிபுணர் குழுவுக்கு டிம் ஓட்ஸ் தலைவர். 2011 டிசம்பரில் வந்த அவர்களது அறிக்கை லெவலைக் கைவிடச் சொன்னது. ஓட்ஸ் பின்னால் இன்னும் தெளிவாக விளக்கினார். லெவல் என்று ஒரே பெயரில் மூன்று வேறு விஷயங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தேர்வில் மொத்த மார்க்கைக் கூட்டிப் போடும் லெவல் ஒன்று. ஆசிரியர் மொத்தமாகப் பார்த்து "அதிகம் பொருந்துவது இது" என்று சொல்வது இன்னொன்று. அந்தப் படியின் வாசலை இப்போதுதான் தாண்டினான் என்று சொல்வது மூன்றாவது. மூன்றும் "லெவல் 4" என்றே எழுதப்படும். ஆரம்பப் பள்ளி தந்த 4ம் இடைநிலைப் பள்ளி கண்ட 4ம் ஏன் ஒத்துப்போகவில்லை என்ற பழைய சண்டைக்குப் பாதிக் காரணம் இதில் இருக்கிறது. மீதிப் பாதி கோடை விடுமுறையும், இரண்டு பள்ளிகளுக்கும் இருந்த வெவ்வேறு அவசரமும்.

2013 ஜூனில் கல்வித் துறை லெவல்களை நீக்குவதாக அறிவித்தது. 2014 செப்டம்பரில் புதிய பாடத்திட்டத்தோடு அது நடைமுறைக்கு வந்தது. பதிலுக்கு என்ன? ஒன்றும் இல்லை. பள்ளிகள் தங்கள் பாடத்திட்டத்துக்கேற்ப தாங்களே முறை வகுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

சுதந்திரம் என்று கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இருபத்தைந்து ஆண்டு ஒரே அளவுகோலில் பழகிய ஆசிரியர்களிடம் திடீரென்று "நீங்களே செய்யுங்கள்" என்றால், எந்தப் பயிற்சியும் இல்லாமல் என்ன செய்வார்கள்? இன்னொரு பக்கம், எண் கேட்பவர்கள் யாரும் கேட்பதை நிறுத்தவில்லை. ஆய்வாளர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், முன்னேற்றத்தைக் காட்டு என்பார் என்ற பயம் அப்படியே இருந்தது. கொள்கையில் விழுந்த பெரிய ஓட்டை இதுதான் என்பது என் கருத்து. அளவுகோலை எடுத்தார்கள், அளந்து காட்ட வேண்டிய கட்டாயத்தை எடுக்கவில்லை.

லெவல் இல்லாமல் மதிப்பிடுவது எப்படி என்று ஆராய ஜான் மக்கின்டாஷ் தலைமையில் அமைந்த ஆணையம் 2015 செப்டம்பரில் அறிக்கை தந்தது. வகுப்பறையில் அன்றாடம் செய்யும் மதிப்பீடு, பள்ளிக்குள் பருவ முடிவில் செய்யும் மதிப்பீடு, நாடு தழுவிய தேர்வு என மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் வேலை வேறு, ஒன்றின் வேலையை இன்னொன்றிடம் வாங்காதீர்கள் என்றது. பெயரை மட்டும் மாற்றி லெவலையே திரும்பக் கொண்டுவராதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. அதே மாதம் ஆஃப்ஸ்டெட் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பே, கீ ஸ்டேஜ் 3 வீணாகும் ஆண்டுகளா என்று கேட்டது. பள்ளிகள் நல்ல ஆசிரியர்களையும் நேர அட்டவணையையும் தேர்வு வகுப்புக்கு முதலில் ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சின்ன வகுப்புகளுக்குத் தருகின்றன, ஆரம்பப் பள்ளியில் படித்ததையே மறுபடி நடத்துகின்றன என்பது அதன் குற்றச்சாட்டு.

திரும்பி வந்த எண்

இரண்டு மாற்றங்கள் ஒரே நேரத்தில் வந்தன. ஜிசிஎஸ்இ கிரேடு எழுத்திலிருந்து 9 முதல் 1 வரையான எண்ணாக மாறியது, 9 தான் உச்சம். ஆங்கிலத்திலும் கணிதத்திலும் 2017ல் முதல் முடிவுகள் வந்தன. பள்ளியை மதிப்பிட 2016 முதல் பிராக்ரஸ் 8 என்ற கணக்கு. ஆரம்பப் பள்ளி முடிவில் ஒரே மாதிரி மார்க் வாங்கிய பிள்ளைகள் நாடு முழுவதும் ஜிசிஎஸ்இயில் சராசரியாக என்ன வாங்கினார்களோ, அதை விட இந்தப் பள்ளிப் பிள்ளைகள் எட்டுப் பாட இடங்களில் கூடவா குறைவா என்று பார்ப்பார்கள்.

பள்ளிகள் என்ன செய்தன? பதினாறு வயதில் வர வேண்டிய கிரேடிலிருந்து பின்னோக்கி ஏழாம் ஆண்டு வரை ஒரு சாய்கோடு போட்டன. ஃபிளைட் பாத் என்று பெயர். கடைசியில் 6 வாங்க வேண்டிய பிள்ளை ஏழாம் ஆண்டில் 2+, எட்டில் 3+, ஒன்பதில் 4 என்று போனால் "பாதையில் இருக்கிறான்". நாம் தொடக்கத்தில் பார்த்த வரி இந்தச் சாய்கோட்டின் குழந்தை.

இதில் உள்ள கோளாறு சின்னதல்ல. ஜிசிஎஸ்இ கிரேடு 2 என்பது, பாடத்திட்டம் முழுவதையும் முடித்துவிட்டுப் பரீட்சை எழுதிய பதினாறு வயதினர் எல்லோரையும் வைத்து முடிவு செய்யும் ஒரு கோடு. நார்மன் படையெடுப்பு பற்றி ஆறு வாரம் படித்த பதினோரு வயதுப் பிள்ளை "கிரேடு 2" என்றால் அதற்குப் பொருளே கிடையாது. அந்தப் பிள்ளை ஆறு வாரத்தில் நடத்தியதை நூற்றுக்கு நூறு புரிந்துகொண்டிருக்கலாம். ரிப்போர்ட்டில் அது 2 ஆகவே நிற்கும், ஏனென்றால் சாய்கோடு அங்கே இரண்டில்தான் இருக்கிறது.

பிராக்ரஸ் 8ஐ ஒவ்வொரு பிள்ளையின் இலக்காக உடைத்ததும் தவறு. அது ஒரு குழுவின் சராசரியைப் பேசும் கணக்கு. ஒப்பிட வேண்டிய தேசியச் சராசரி அந்த ஆண்டுப் பிள்ளைகள் பரீட்சை எழுதி முடித்த பிறகுதான் தெரியவரும். ஏழாம் ஆண்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்தச் சராசரி இன்னும் பிறக்கவே இல்லை.

எனக்கு மிகவும் வேடிக்கையாகப் படுவது ஓவியப் பாடத்தின் இலக்கு. ஆரம்பப் பள்ளி முடிவில் பிள்ளைகள் எழுதும் தேசியத் தேர்வு ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும் மட்டும். எல்லாப் பிள்ளைகளும் எழுதிய அறிவியல் தேர்வு 2009க்குப் பிறகு கிடையாது. 2016 முதல் அந்த முடிவு 80க்கும் 120க்கும் இடைப்பட்ட ஒரு எண்ணாக வருகிறது, 100 எட்டினால் எதிர்பார்த்த தரம். பள்ளியின் கணினி இந்த எண்களை எடுத்து, ஓவியம், இசை, பிரெஞ்சு, விளையாட்டு எல்லாவற்றுக்கும் ஒரே இலக்கைக் கக்கும். பத்து வயதில் பின்னக் கணக்கு நன்றாகப் போட்ட பிள்ளைக்குப் பதினாறு வயதில் ஓவியத்தில் 7 வர வேண்டும் என்று. வந்த நாளிலிருந்து பென்சிலை அருமையாகப் பிடிக்கும் பிள்ளைக்கு, கணக்கு வராது என்பதால், இலக்கு 3. அந்தப் பிள்ளை இலக்கைத் தாண்டிவிட்டதாக ரிப்போர்ட் பச்சை காட்டும். ஓவிய ஆசிரியருக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை, கேட்கவும் யாரும் இல்லை.

எண் வேண்டாம் என்று நினைத்த பள்ளிகள் சொற்களுக்குப் போயின. தொடக்க நிலை, வளரும் நிலை, உறுதியான நிலை, தேர்ந்த நிலை. நான்கு சொல், கணினிக்குள் போனதும் 1, 2, 3, 4. பிறகு "உறுதி+", "உறுதி−". துணை லெவல் திரும்பி வந்துவிட்டது.

சட்டம் கேட்பது என்ன

இந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளி ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோருக்கு எழுத்தில் அறிக்கை தர வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் பராமரிப்பில் உள்ள பள்ளிகளுக்கு 2005ம் ஆண்டு விதிகள் சொல்வது: பாடங்களிலும் மற்றச் செயல்பாடுகளிலும் பிள்ளை எப்படி என்று சுருக்கமான விவரம், பொதுவான முன்னேற்றம், வருகைப் பதிவு, ஆசிரியரோடு பேச என்ன ஏற்பாடு. லெவல் போன பிறகு கீ ஸ்டேஜ் 3க்கு எந்த எண்ணையும் சட்டம் கேட்கவில்லை. ஆண்டுக்கு மூன்று முறை, ஆறு முறை, பத்துப் பன்னிரண்டு பாடத்துக்கு எண் அனுப்புவது பள்ளிகள் தாமாகச் சூடிக்கொண்டது.

எண்ணோடு ஆசிரியர் குறிப்பும் இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலும் குறிப்பு ஒரு வாக்கிய வங்கியிலிருந்து வருகிறது. "வகுப்பில் நன்றாக ஈடுபடுகிறார். தன் விடைகளை மேலும் விரித்து எழுத வேண்டும்." இதை எந்தப் பிள்ளைக்கும் எந்தப் பாடத்துக்கும் ஒட்டலாம். மேலே சொன்ன பையனுக்கு வர வேண்டிய குறிப்பு: "1066ல் நடந்த இரண்டு போர்களையும் இரண்டு அரசர்களையும் ஒன்றாக்கிவிடுகிறார், வரைபடத்தை வைத்து உங்களிடம் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லுங்கள்." இதை எழுத இருபது வினாடி. ஆனால் 360 பிள்ளைக்கு எழுத இரண்டு மணி நேரம், யோசிக்கும் நேரம் தனி. அந்த நேரத்தை எண் உள்ளிடும் வேலை தின்றுவிடுகிறது.

எண்ணும் குறிப்பும் சேர்ந்து வந்தால் என்ன ஆகும் என்பதற்கு ரூத் பட்லர் 1988ல் வெளியிட்ட ஓர் ஆய்வு அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. இஸ்ரேலியப் பள்ளிப் பிள்ளைகளிடம் செய்தது. வெறும் குறிப்பு மட்டும் பெற்றவர்கள் அடுத்த வேலையில் முன்னேறினார்கள், மார்க் மட்டும் பெற்றவர்கள் முன்னேறவில்லை. இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களும் முன்னேறவில்லை. மார்க்கைப் பார்த்ததும் குறிப்பைப் படிக்கும் ஆர்வம் போய்விடுகிறது என்றுதான் இதைப் பலர் விளக்குகிறார்கள். ஒரே ஓர் ஆய்வை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் ரிப்போர்ட் வந்த அன்று வீட்டில் எந்தக் கண் முதலில் எங்கே போகிறது என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பின்வாங்கல்

2014ல் அரசே ஆசிரியர்களிடம் வேலைப் பளு பற்றிக் கேட்டபோது, தேவையில்லாத சுமை என்று பாதிக்கு மேற்பட்டோர் சொன்னது தரவு உள்ளிடுவதையும் அலசுவதையும்தான். 2018ல் பெக்கி ஆலன் தலைமையிலான குழு, பிள்ளைகளின் அடைவைப் பற்றிய தரவை ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று முறைக்கு மேல் சேகரிக்காதீர்கள் என்று பரிந்துரைத்தது. 2019ல் ஆஃப்ஸ்டெட்டின் புது ஆய்வுச் சட்டகம் வந்தது. பள்ளி தானே தயாரித்த முன்னேற்றத் தரவை ஆய்வாளர்கள் பார்க்க மாட்டார்கள் என்று அறிவித்தார்கள். எண் உற்பத்திக்கு இருந்த பெரிய வாடிக்கையாளர் விலகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பல பள்ளிகள் ஃபிளைட் பாத்தைக் கைவிட்டன. அவற்றில் எனக்குப் பிடித்தது மிகவும் எளிமையான ஒரு முறை. ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ தேர்வு, அந்த ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே தாள், இதுவரை நடத்திய பாடம் முழுவதிலிருந்தும் கேள்வி. ரிப்போர்ட்டில் பிள்ளையின் மார்க், பக்கத்தில் அந்த ஆண்டுப் பிள்ளைகளின் சராசரி, கீழே "இது வந்திருக்கிறது, இது இன்னும் வரவில்லை" என்று இரண்டு வரி. கணிதத்தில் 61, சராசரி 58, எதிர்ம எண்களைக் கழிப்பதில் குழப்பம்: −3லிருந்து −5ஐக் கழித்தால் −8 என்கிறார். இதைப் படித்தால் எந்தப் பெற்றோருக்கும் புரியும். அன்று இரவே உட்கார்ந்து நாலு கணக்கு போட்டுப் பார்க்கலாம், விடை 2 வருகிறதா என்று. "நிலை 3−" என்பதை வைத்துக்கொண்டு அன்று இரவு என்ன செய்ய முடியும்?

இதற்கும் எதிர்ப்பு உண்டு, நியாயமான எதிர்ப்பு. மூன்று ஆண்டும் சராசரிக்குக் கீழேயே நிற்கும் பிள்ளைக்கு இந்த ரிப்போர்ட் சொல்வது ரேங்க் கார்டு சொன்ன அதே செய்தி. பால் பிளாக்கின் குழு எதைத் தவிர்க்க நினைத்ததோ அது பின்வாசல் வழியாக வந்துவிடுகிறது. அதனால் சில பள்ளிகள் சராசரியை அச்சிடுவதில்லை, கேட்டால் மட்டும் சொல்கின்றன. நம் ஆட்கள் கட்டாயம் கேட்பார்கள். "வகுப்பில் எத்தனையாவது?" என்ற கேள்வியோடு வளர்ந்தவர்களுக்கு 2+ போன்ற புதிரை விட "மார்க் 61, சராசரி 58" என்பது ஆயிரம் மடங்கு மேல். என் கணக்கில் மறைப்பதை விடக் காட்டுவது நல்லது, கூடவே அந்த இரண்டு வரியும் கட்டாயம் இருக்க வேண்டும். அந்த வரிகள் இல்லாமல் மார்க்கும் சராசரியும் மட்டும் தருவதானால் தராமலே இருக்கலாம்.

கொரோனா காலம் ஒரு சோதனையைத் தானாக நடத்திவிட்டது. 2020லும் 2021லும் ஆரம்பப் பள்ளித் தேசியத் தேர்வுகள் நடக்கவில்லை. அந்தப் பிள்ளைகள் ஏழாம் ஆண்டுக்கு வந்தபோது இலக்கு கணக்கிட அடிப்படை எண்ணே இல்லை. அதே காரணத்தால் 2025, 2026 ஆண்டுகளுக்குப் பிராக்ரஸ் 8 கணக்கிட முடியாது என்று கல்வித் துறை அறிவித்தது. இலக்கு இல்லாமல் இரண்டு தொகுதிப் பிள்ளைகளை வளர்த்துப் பார்க்க நல்ல வாய்ப்பு. ஆனால் பல பள்ளிகள் சேர்ந்த முதல் பருவத்திலேயே தனியார் திறனறித் தேர்வு ஒன்றை வாங்கி வைத்து, அதிலிருந்து இலக்கை எடுத்துக்கொண்டன. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கணினியில் அந்தக் கட்டம் காலியாக இருந்தது, அதை நிரப்பினார்கள்.

இனி வரப்போவது

2025 நவம்பரில் பெக்கி பிரான்சிஸ் தலைமையிலான பாடத்திட்ட மதிப்பீட்டு மறுஆய்வு தன் இறுதி அறிக்கையைத் தந்தது. இடைநிலைப் பள்ளியின் முதல் ஆண்டுகளில் பிள்ளைகள் தேங்கிவிடுகிறார்கள் என்ற பழைய கவலை அதிலும் உண்டு. எட்டாம் ஆண்டில் ஆங்கிலத்துக்கும் கணிதத்துக்கும், குறை எங்கே என்று கண்டறியும் தேர்வு வைக்க வேண்டும் என்பது பரிந்துரை. எட்டாம் ஆண்டில் வாசிப்புத் தேர்வைக் கட்டாயமாக்குவதாக அரசும் சொல்லியிருக்கிறது. 2008ல் பதினாலு வயதுத் தேர்வு போன பிறகு, இந்த வயதுக்கு வெளியிலிருந்து வரும் முதல் அளவுகோல் இது.

குறை கண்டறியத்தான் என்று சொல்லும் தேர்வு உண்மையிலேயே அதற்குப் பயன்படுமா என்பதை இரண்டு இடங்களில் பார்த்தால் தெரிந்துவிடும். ஒன்று, முடிவு ஆசிரியர் கைக்கு எப்போது வருகிறது, எந்த வடிவில் வருகிறது. எந்தெந்த வகைக் கேள்வியில் தடுமாறினான் என்று விவரமாக வந்தால் எட்டாம் ஆண்டு முடிவதற்குள் ஏதாவது செய்யலாம். ஒரே எண்ணாகக் கோடை விடுமுறைக்கு முதல் வாரம் வந்தால் கோப்பில் போகும். இன்னொன்று, அந்த எண் பள்ளி நிர்வாகத்தின் எக்செல் தாளில் எந்த நெடுவரிசைக்குப் போகிறது. இலக்கு என்ற நெடுவரிசைக்குப் போனால், அடுத்த ஆண்டு ஓவியத்துக்கும் இசைக்கும் அதிலிருந்தே ஒரு கிரேடு பிறக்கும்.